செதூபலில் வீடு: நடுநகர ஃபிளாட்டா, கிந்தா டு கோந்தே தனிவீடா?

வேளச்சேரி_வாசு
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு லிஸ்பனில் வேலை. வாரத்துக்கு இரண்டு நாள் ஆபீஸ், மிச்ச நாள் வீட்டிலிருந்தே. மனைவிக்கும் எனக்கும் ரெசிடென்ஸ் கார்டு இருக்கிறது. எனக்கு 38, அவருக்கு 34, பெண் இந்த வருடம் பள்ளியில் சேர்கிறாள். லிஸ்பனுக்குள் வாங்குவது நம்மால் ஆகாது என்று தெரிந்து ஆற்றுக்குத் தெற்கே தேட ஆரம்பித்தோம். செதூபல் இருவருக்கும் பிடித்துவிட்டது. இப்போது கையில் இரண்டு வீடு இருக்கிறது.

முதலாவது, அவெனிதா லுயீசா தோதியிலிருந்து இரண்டு தெரு உள்ளே. டி2 (இரண்டு படுக்கையறை), மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. 1960களில் கட்டியது என்கிறார் ஏஜென்ட். விளம்பரத்தில் 85 சதுர மீட்டர் போட்டிருக்கிறது, விலை 3 லட்சம் யூரோ.

இரண்டாவது செதூபலுக்கு வெளியே, கிந்தா டு கோந்தேயில் தனிவீடு. சுற்றிலும் இடம், எலுமிச்சை மரம், கார் நிறுத்த வசதி. 2,60,000 கேட்கிறார்கள். "பேப்பர் எல்லாம் முடியப் போகிறது" என்று விற்பவரே சொன்னார். நிலம் 'ஆவோஸ்' கணக்கில் இருக்கிறதாம், அது என்னவென்று எனக்குப் புரியவில்லை.

ஃபிளாட்டுக்கு இந்த வாரமே 5,000 யூரோ கட்டி 'ரிசர்வ்' பண்ணச் சொல்கிறார்கள். வேறு ஆளும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாராம். என்ன செய்யலாம்?

கோவை_கார்த்தி
வேறு ஆள் இல்லாத வீட்டை எந்த ஏஜென்டும் விற்றதே இல்லை பாஸ் :)

பழைய_பத்திரம்
வாசு, முதலில் அந்த 5,000. எந்தச் சூழ்நிலையில் திரும்பி வரும் என்று எழுத்தில் இல்லாவிட்டால் ஒரு சென்ட் கூடக் கொடுக்காதீர்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், "ஆவணங்கள் சரியில்லை என்றாலோ வங்கிக் கடன் கிடைக்காவிட்டாலோ முழுத் தொகையும் திரும்பத் தரப்படும்" என்ற வரி வேண்டும். ஏஜென்சியின் ஏஎம்ஐ உரிம எண் விளம்பரத்திலேயே இருக்கும். அது நடப்பில் இருக்கிறதா என்று இம்பிக் (ஏஜென்சிகளுக்கு உரிமம் தரும் அரசு அமைப்பு) இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏஜென்டின் கமிஷனை விற்பவர்தான் கொடுப்பது வழக்கம், பெரும்பாலும் 5 சதவீதமும் அதன் மேல் வரியும். அவர் யாருக்காக அவசரப்படுகிறார் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது ஆவோஸ். நான் அல்மாதாவில் ஒரு சொலிசித்தடோர் (சொத்து ஆவண வேலை பார்க்கும் சட்ட வல்லுநர்) அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். செதூபல் தீபகற்பம் முழுக்க இந்தக் கதைதான். 60, 70களில் லிஸ்பனிலும் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளிலும் வேலைக்கு வந்தவர்களுக்குக் குடியிருக்க இடமில்லை. பண்ணை நிலங்களை வாங்கியவர்கள் மனைப் பிரிவுக்கு அனுமதி வாங்காமல், மொத்த நிலத்தில் இத்தனையில் இத்தனை பங்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பங்குதான் ஆவோஸ். வாங்கியவர் தன் துண்டு இதுதான் என்று கயிறு கட்டி வீடு கட்டிக்கொண்டார். ஆனால் பதிவேட்டைப் பொறுத்தவரை அவருக்கென்று தனித் துண்டு எதுவும் கிடையாது, பிரிபடாத பங்கு மட்டுமே. இப்படி முளைத்த குடியிருப்புகளை முறைப்படுத்தவே 1995-இல் 91/95 என்ற சட்டம் வந்தது. அந்தப் பகுதிகளுக்கு 'ஆவுஜி' என்று பெயர். கிந்தா டு கோந்தே இதற்குப் பேர்போன இடம். முப்பது வருடமாகியும் பல ஆவுஜிகள் முடியவில்லை.

அதற்காக அங்கே வீடே வாங்காதே என்று சொல்லவில்லை. நிறைய வீடுகள் முறைப்படி முடிந்து, தனி மனைப் பதிவு வாங்கி, நன்றாகவே இருக்கின்றன. நீங்கள் பார்த்த வீடு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்பதுதான் விஷயம். 'முடியப் போகிறது' என்பது எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படுகிற வார்த்தை இல்லை.

வேளச்சேரி_வாசு
நன்றி சார். அப்படியென்றால் ஆவோஸ் வீட்டுக்கு வங்கிக் கடன் கிடைக்காதா?

பழைய_பத்திரம்
கிடைப்பது மிகக் கஷ்டம். எந்தத் துண்டை அடமானமாகப் பிடிப்பது என்று வங்கிக்கே தெரியாதே. அதனால்தான் இந்த வீடுகளின் விளம்பரத்தில் 'ரொக்கம் மட்டும்' என்று இருக்கும். இன்னொன்று, ஆவுஜியில் சாலை, கழிவுநீர், தெருவிளக்கு என்று உள்கட்டமைப்புக்கு ஆகும் செலவைப் பங்குதாரர்கள்தான் கொடுக்க வேண்டும். விற்பவர் கட்டாத பாக்கி எவ்வளவு, இனி எவ்வளவு வரும் என்பதை அந்தப் பகுதியின் கூட்டு நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். 40,000 யூரோ மலிவாகத் தெரிவதன் காரணம் எலுமிச்சை மரத்தடியில் புதைந்திருக்கும்.

சாதோக்கரை
தம்பி வாசு, நான் பாரிசில இருந்து இங்க வந்து கனகாலம். ட்ரொய்னுப் பக்கம் வீடு. எங்கட ஆக்கள் இங்க ஒரு சில குடும்பம்தான். ஊரைப் பற்றிச் சொல்லுறன், பேப்பர் விசயம் பத்திரக்காரர் வடிவாச் சொல்லுவார்.

செதூபல் உல்லாசப் பயணிகளுக்காகக் கட்டின ஊர் இல்லை. ஒரு காலத்தில மத்தி மீன் டின்னில அடைக்கிற ஃபக்டரியள் நிரம்பிக் கிடந்த துறைமுகம். இப்பவும் வேலைக்காற ஊர்தான். மித்ரேனாப் பக்கம் காகிதக்கூழ் ஆலை, கப்பல் பட்டறை. பக்கத்தில பல்மெலாவில ஃபோக்ஸ்வாகன். அராபிதா மலைக்குள்ள அவுத்தாவில சீமெந்து ஆலை. காத்து ஆலைப் பக்கமா அடிச்சா மணக்கும், அதையும் சொல்லத்தான் வேணும். லிவ்ரமெந்து சந்தைக்குப் போனா மீனைப் பாத்து நிண்டுடுவீங்கள். கணவாய்ப் பொரியல் இந்த ஊரின்ர சாப்பாடு. எதிர்ப்பக்கம் த்ரோயா, ஃபெரியில போகலாம். சாதோ ஆத்து வாயில டொல்பின் கூட்டம் ஒண்டு நிரந்தரமா இருக்குது, முப்பதுக்குள்ள எண்ணிக்கை.

கடற்கரை எண்டா ஃபிகெய்ரின்யா, கலாபுஷ், போர்த்தின்யு. எல்லாம் மலைக்கு அங்கால. கோடையில காரை உள்ளுக்கு விடாம மறிச்சுப்போடுவாங்கள், பஸ்ஸிலதான் போகவேணும். 'கடற்கரை நடைதூரத்தில' எண்டு விளம்பரத்தில கிடந்தா சிரிச்சுட்டு அங்கால போங்கோ.

மழைக்காலம்
நான் வாடகைக்கு இருக்கிறேன், பொன்ஃபிம் பக்கம். வாசு, உங்களுக்கு ஒரே ஒரு யோசனை: ஜனவரியில் ஒரு முறை அந்த ஃபிளாட்டைப் பாருங்கள். இல்லாவிட்டால் வாங்குவதற்கு முன் ஒரு குளிர்காலமாவது இங்கே வாடகைக்கு இருந்து பாருங்கள்.

போர்ச்சுகல் என்றால் வெயில் என்று நினைத்து வருகிறோம். இங்கே பழைய வீடுகளில் ஹீட்டிங் என்பதே கிடையாது. சுவரில் இன்சுலேஷன் இல்லை, ஜன்னலில் ஒற்றைக் கண்ணாடி. டிசம்பரில் வீட்டுக்குள் ஸ்வெட்டரும் வெளியே போகும்போது மெல்லிய சட்டையுமாக இருப்பதைப் பார்த்து என் அம்மா வீடியோ காலில் சிரிக்கிறார். ஈரம் ஏறினால் அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை. விற்பதற்கு முன் வெள்ளையடித்து மறைத்துவிடுவார்கள். புதுப் பெயிண்ட் வாசனை அடித்தால் சந்தேகப்படுங்கள். படுக்கையறையின் வடக்குச் சுவர் மூலையில் கை வைத்துப் பாருங்கள். கட்டிலை நகர்த்தச் சொல்லுங்கள், கூச்சமே படாதீர்கள். விற்பவர் எனர்ஜி சான்றிதழ் கொடுத்தே ஆக வேண்டும். அதில் தரம் 'இ' அல்லது 'எஃப்' (கடைசித் தரங்கள்) என்று இருந்தால் ஜன்னல் மாற்றும் செலவைக் கையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ரயில். ஃபெர்தாகுஸ் 2004-இல் இருந்து செதூபல் வரைக்கும் வருகிறது. லிஸ்பன் ரோமா-அரியேரோவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். நவெகாந்தே மாதப் பாஸ் 40 யூரோ, லிஸ்பன் பெருநகரப் பகுதி முழுக்க ரயில், பஸ், மெட்ரோ எல்லாவற்றுக்கும் அது போதும். விலை கொள்ளை மலிவு. ஆனால் காலை நேரத்தில் பினியல் நோவு தாண்டுவதற்குள் நிற்கக்கூட இடம் இருக்காது. செதூபலில் ஏறுகிற நமக்கு உட்கார இடம் கிடைக்கும், அது ஒன்றுதான் ஆறுதல். மாலையில் திரும்பும்போது அதுவும் இல்லை.

கோவை_கார்த்தி
நான் கொஞ்சம் வேறு கோணம். கோயம்புத்தூரில் இருக்கிறேன், முதலீட்டுக்காகப் பார்க்கிறேன். வீடு வாங்கினால் கோல்டன் விசா (முதலீட்டுக்குக் கிடைக்கும் ரெசிடென்ஸ்) வரும்தானே? அப்படியே ஏர்பிஎன்பியில் விட்டால் கடன் தன்னால் அடைந்துவிடும் என்று யூட்யூபில் ஒருத்தர் கணக்குப் போட்டுக் காட்டினார்.

பழைய_பத்திரம்
அந்த வீடியோ எப்போது எடுத்தது என்று பாருங்கள் கார்த்தி. 2012-இல் தொடங்கிய கோல்டன் விசாவின் சொத்து வழி 2023 அக்டோபரில் 56/2023 சட்டத்தோடு மூடப்பட்டுவிட்டது. நிதியங்களில் 5 லட்சம் யூரோ போடுவது போன்ற வேறு வழிகள் உண்டு, ஆனால் வீட்டுக்கு இல்லை. பத்து வீடு வாங்கினாலும் அதற்காக ரெசிடென்ஸ் கிடைக்காது. டி7 (ஓய்வூதியம், வாடகை போன்ற வருமானம் உள்ளவர்களுக்கு), டி8 (தொலைவிலிருந்து வேலை செய்பவர்களுக்கு) விசாக்களுக்கு விண்ணப்பிக்கும்போது தங்குமிடச் சான்றாக வீடு உதவும், அவ்வளவுதான்.

குறுகிய கால வாடகைக்கு 'அலோஜமெந்து லோக்கால்' பதிவு வேண்டும். 2023 சட்டம் அதைக் கடுமையாக்கியது. 2024 நவம்பரிலிருந்து மறுபடி தளர்த்தி, முடிவை நகராட்சிகளின் கையில் கொடுத்துவிட்டார்கள். இன்று அனுமதிக்கிற நகராட்சி நாளை அந்தப் பகுதியையே 'கட்டுப்பாட்டு மண்டலம்' என்று அறிவிக்கலாம். இதை நம்பிக் கடன் வாங்குவது சூதாட்டம்.

கோவை_கார்த்தி
சரி, விசாவை விடுங்கள். இங்கிருந்து பணம் அனுப்பி வாங்கவே முடியாதா?

பழைய_பத்திரம்
முடியும். ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்) திட்டத்தில் ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம், வெளிநாட்டுச் சொத்து வாங்குவதும் அதில் அடக்கம். மனைவியும் கூட்டு உரிமையாளர் என்றால் அவர் வரம்பையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ் (முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிக்கும். வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். இங்கே வசிக்காதவருக்கு வங்கிகள் பொதுவாக மதிப்பில் 60, 70 சதவீதத்துக்கு மேல் கடன் கொடுப்பதில்லை. வாசுவின் இழை, நாம் கொஞ்சம் ஓரமாகப் போவோம்.

இஞ்சினியர்_ரமணி
கட்டுமானம் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன்.

'1960களின் கட்டடம்' என்பதில் பத்து வருடம் இருக்கிறது, எந்த வருடம் என்பது முக்கியம். போர்ச்சுகலின் முதல் நிலநடுக்க விதிமுறை 1958-இல் வந்தது. அதற்கு முந்தைய கட்டடங்களில் கல்சுவர் மேல் கான்கிரீட் தளம் போட்டவை நிறைய. அவைதான் எனக்கு அதிகப் பயம் தருபவை. 1958-க்குப் பிறகு கான்கிரீட் சட்டகம் பரவியது. அடுத்த பெரிய திருத்தம் 1983-இல். ஆக 1960களின் கட்டடம் என்றால் ஏதோ ஒரு கணக்குப் போட்டுக் கட்டியிருப்பார்கள், இன்றைய அளவுக்கு இல்லை.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், 1755 நிலநடுக்கம் லிஸ்பனை மட்டும் உலுக்கவில்லை. செதூபலும் நொறுங்கியது. 1858 நவம்பரில் இந்த ஊருக்கே மறுபடி ஒரு பெரிய அடி. 2024 ஆகஸ்டில் சீனெஷுக்கு மேற்கே கடலில் 5.3 அளவில் ஒன்று வந்தது, லிஸ்பன் வரை எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். லுயீசா தோதி அவென்யூ பழைய ஆற்றங்கரையை நிரப்பி உருவான நிலம். நடுநகரம் முழுக்க வண்டல் மண். அந்த மண் அதிர்வைக் கூட்டும்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது மாடிக்கு ஏறுவதற்கு முன் தரைத்தளத்தைப் பாருங்கள். கடையோ உணவகமோ இருந்தால், உள்ளே போய் ஒரு காபி குடியுங்கள். இடத்தைப் பெரிதாக்க நடுச்சுவரையோ தூணையோ எடுத்திருக்கிறார்களா என்று கண்ணாலேயே தெரியும். மேல் மாடிகளின் திட்டத்தில் சுவர் இருந்து கீழே வெட்டவெளியாக இருந்தால் அந்தக் கட்டடத்தை விட்டுவிடலாம்.

சாதோக்கரை
ரமணி சொன்ன வண்டல் மண்ணோட வெள்ளத்தையும் சேருங்கோ. கடும் மழையும் கடல் ஏத்தமும் ஒண்டா வந்தா பைஷாவில (நடுநகரத்துத் தாழ்வான பகுதி) தண்ணி நிக்கும். ஆத்துத் தண்ணி வெளிய போக வழியில்லாமத் திரும்பிவரும். அதுக்காகத்தான் வார்ஸியாப் பூங்காவை மழைத்தண்ணியைத் தேக்கி வைக்கிற மாதிரிக் கட்டினவங்கள். அதுக்குப் பிறகு நிலைமை பரவாயில்லை. மூண்டாம் மாடிக்குத் தண்ணி வராது, ஆனா கீழ உள்ள மீற்றர் பெட்டிக்கும் படிக்கட்டுக்கும் வரும். தெருவில உள்ள பழைய கடைக்காரரைக் கேளுங்கோ, ஏஜென்டைக் கேக்காதேங்கோ.

கோவை_கார்த்தி
பெலா விஷ்டா பக்கம் விலை குறைவாக இருக்கிறதே, அது எப்படி?

மழைக்காலம்
சமூக வீட்டுத்திட்டப் பகுதி. பழைய கலவரச் செய்திகளால் பெயர் கெட்டது. 'அங்கே போகவே கூடாது' என்று லிஸ்பனில் உட்கார்ந்து சொல்பவர்கள் நிறைய. என் பிள்ளையின் வகுப்புத் தோழி வீடு அங்கேதான், நான் போய் வருகிறேன். பக்கத்துத் தெருக்களில் இருக்கும் தனியார் ஃபிளாட்டுகள் அந்தப் பெயரால் மலிவாகக் கிடைக்கின்றன. திரும்ப விற்கும்போதும் அதே பெயர் விலையைப் பிடித்து இழுக்கும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு வாங்கினால் சரி.

வேளச்சேரி_வாசு
எல்லோருக்கும் நன்றி. தனிவீட்டை விட்டுவிட்டோம். குழுவிடம் கேட்டதில் மனைப் பிரிவு அனுமதியே இன்னும் வரவில்லை என்று தெரிந்தது. ஃபிளாட்டுக்கு மட்டும்தான் இனி. ஏஜென்ட் கதெர்நேதா பிரெதியால் (வரித்துறையின் சொத்து விவரத் தாள்) அனுப்பியிருக்கிறார். அதில் பரப்பு 68 என்று இருக்கிறது, விளம்பரத்தில் 85. கேட்டால் "மார்க்கீஸையும் மாடி அறையையும் சேர்த்து" என்கிறார். இது பெரிய விஷயமா?

பழைய_பத்திரம்
பெரிய விஷயம்தான், ஆனால் பேரம் பேச உதவும் விஷயம்.

இங்கே ஒரு வீட்டுக்கு மூன்று ஜாதகம் உண்டு. வரித்துறையான ஃபினான்சஸிடம் இருப்பது கதெர்நேதா: பரப்பு, வரி மதிப்பு, யார் பெயரில் வரி வருகிறது என்பவை. பதிவகத்திடம் இருப்பது செர்த்திதாவ் பெர்மனெந்தே: உண்மையான உரிமையாளர், அடமானம், ஜப்தி, வாழ்நாள் அனுபவ உரிமை எல்லாம் அதில் வரும். நம்மூர் வில்லங்கச் சான்று, பட்டா விவரம் இரண்டும் ஒரே தாளில் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 யூரோ கட்டினால் ஆறு மாதத்துக்கு ஆன்லைனில் பார்க்கலாம், அதன் அணுகல் குறியீட்டை விற்பவரிடம் கேட்டாலே போதும். மூன்றாவது நகராட்சி, அதாவது காமராவிடம் இருக்கும் கட்டட வரைபடமும் பயன்பாட்டு உரிமமும். இந்த மூன்று அலுவலகமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை.

மார்க்கீஸ் என்பது பால்கனியை அலுமினியமும் கண்ணாடியும் போட்டு அடைத்தது. செதூபலில் பாதி ஃபிளாட்டில் இருக்கும். அனுமதி வாங்கிச் செய்தவர்கள் குறைவு. மாடி அறை என்பது பெரும்பாலும் பொருள் வைக்கும் அறை, குடியிருக்கும் பரப்பாக எண்ண முடியாது. நீங்கள் வாங்குவது 68. விலை பேசும்போதும் 68-ஐ வைத்துப் பேசுங்கள்.

இப்போது முக்கியமானது. 2024 தொடக்கத்தில் 'சிம்ப்ளெக்ஸ்' என்ற பெயரில் 10/2024 ஆணைச்சட்டம் வந்தது. அதுவரை பத்திரம் எழுதும்போது பயன்பாட்டு உரிமத்தைக் காட்டியே ஆக வேண்டும். 1951 ஆகஸ்ட் 7-க்கு முன் கட்டியவற்றுக்கு மட்டும் விலக்கு. இப்போது காட்ட வேண்டிய கட்டாயமே இல்லை. மக்களுக்குச் சுலபம் என்று கொண்டாடினார்கள். என்னைக் கேட்டால், வாங்குபவரின் ஒரு காவலாளியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். உரிமம் இல்லாத வீட்டை இன்று சட்டப்படி உங்கள் தலையில் கட்டலாம். கட்டாயம் போனதே தவிர, உரிமத்தின் தேவை போகவில்லை. கடன் கொடுக்கும் வங்கிகள் பெரும்பாலும் இன்னும் கேட்கின்றன, அந்த வகையில் கடனில் வாங்குபவர் ரொக்கத்தில் வாங்குபவரைவிடப் பாதுகாப்பானவர். நீங்கள் கேட்டு வாங்குங்கள். "தேவையில்லை சார், சட்டம் மாறிவிட்டது" என்று ஏஜென்ட் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை, உங்களுக்கு வேண்டியதையும் சொல்லவில்லை.

இன்னொன்று, பதிவில் உரிமையாளர் எத்தனை பேர்? இந்த ஊரில் தாத்தா பெயரில் இருந்த வீடு ஐந்து பிள்ளைகளுக்கு வந்து, அதில் ஒருவர் லக்சம்பர்கிலும் ஒருவர் பிரேசிலிலும் இருப்பது சாதாரணம். எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

வேளச்சேரி_வாசு
ஒரே உரிமையாளர்தான் சார், வயதான அம்மா. மகனோடு போர்டோவுக்குப் போகிறார். அடமானம் எதுவும் இல்லை. உரிமம் காமராவில் கேட்டிருக்கிறோம். வரி எவ்வளவு வரும் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பழைய_பத்திரம்
2025 கணக்குச் சொல்கிறேன். விலை 3 லட்சமாகவே இருக்கட்டும். சொந்தக் குடியிருப்பு என்றால் ஐஎம்டி வரி (சொத்து கைமாறும்போது வாங்குபவர் கட்டுவது) 1,04,261 வரை ஒன்றுமில்லை, அதற்கு மேல் படிப்படியாக ஏறி உங்கள் படியில் 7 சதவீதம். கழிவு போக 10,747 யூரோ வரும். முத்திரை வரி 0.8 சதவீதம், அதாவது 2,400. முதலீட்டுக்காக வாங்கினால் ஐஎம்டி 11,790 ஆகும். கார்த்தி கவனிக்க.

ஆனால் உங்கள் மனைவிக்கு 34. இதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். 35 வயதுக்குள் முதல் வீடு வாங்குபவர்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து ஐஎம்டியும் முத்திரை வரியும் விலக்கு, 2025-இல் 3,24,058 யூரோ வரை முழுதாக. இருவரில் ஒருவர் மட்டும் வயது வரம்புக்குள் இருந்தால் பாதி விலக்கு. பத்திரம் எழுதும் நாளில் அவருக்கு 35-க்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. கடந்த 3 ஆண்டில் வீட்டுச் சொத்து அவர் பெயரில் இருந்திருக்கக் கூடாது. அப்படியானால் ஐஎம்டி 5,374, முத்திரை 1,200. பத்திரத்தில் இருவர் பெயரும் சமபங்காக வர வேண்டும். 6 ஆண்டுக்குள் வாடகைக்கு விட்டு வேறெங்காவது போனால் சலுகை திரும்பப் பிடுங்கப்படலாம்.

ஆண்டு வரியான ஐஎம்ஐ, ஃபினான்சஸின் வரி மதிப்பில் 0.3 முதல் 0.45 சதவீதம், நகராட்சி முடிவு செய்யும். வரி மதிப்பு 1,25,000-க்கும் குடும்ப வருமானம் 1,53,300-க்கும் உட்பட்டால் முதல் மூன்று ஆண்டு அதுவும் இல்லை. முகவரியை ஆறு மாதத்துக்குள் மாற்ற மறந்தால் சலுகை போச்சு.

மழைக்காலம்
இவ்வளவு வரி, இவ்வளவு தலைவலி. வாடகைக்கே இருந்துவிடலாமே என்று எனக்குத் தோன்றுகிறது. 2023-இல் 12 மாத யூரிபோர் (மாறும் வட்டிக் கடனுக்கு அடிப்படையான ஐரோப்பிய வட்டி விகிதம்) 4 சதவீதத்தைத் தாண்டியபோது என் அலுவலகத் தோழிக்கு மாதத் தவணை எங்கோ போய்விட்டது. மாறும் வட்டியில் வாங்கியவர்கள் அத்தனை பேரும் மாட்டிக்கொண்டார்கள்.

சாதோக்கரை
தங்கச்சி, வாடகை மட்டும் அப்பிடியே நிண்டதோ? வீட்டுக்காரன் 'மகன் வாறான், வீட்டை விடு' எண்டு கடிதம் போட்டா குழந்தையின்ர பள்ளிக்கூடத்தையும் மாத்திக்கொண்டு திரியவேணும். யூரிபோர் ஏறினது மாதிரி இறங்கினதும் தான். முதல் சில வருசம் நிலையான வட்டி, பிறகு மாறும் வட்டி எண்டு கலந்தும் எடுக்கலாம்.

மழைக்காலம்
பள்ளிக்கூட விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி அண்ணா. மூன்று மாடி ஏறி இறங்குவதில் நான் சொல்வதும் சரி. குழந்தை, மளிகை, வாஷிங் மெஷின். ஐம்பது வயதில் முட்டி என்ன சொல்லும் என்று யோசித்துக்கொள்ளுங்கள் வாசு.

பழைய_பத்திரம்
கடன் பற்றி ஒரு வரி. சொந்தக் குடியிருப்புக்கு 90 சதவீதம் வரை தரலாம் என்பது போர்ச்சுகல் மத்திய வங்கியின் உச்சவரம்பு. ஆனால் விலை, வங்கியின் மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதில்தான் 90. நீங்கள் 3 லட்சத்துக்கு ஒப்பந்தம் போட்டு, வங்கி மதிப்பீட்டாளர் 68 சதுர மீட்டரைப் பார்த்து 2,70,000 என்று எழுதினால், கடன் 2,43,000. கையிலிருந்து 57,000, அதன் மேல் வரி, கடனுக்கு 0.6 சதவீத முத்திரை 1,458, காசா பிரோந்தா சேவையில் கடனோடு பத்திரம் பதிய 700.

ஆகவே சிபிசிவி எனப்படும் முன்ஒப்பந்தத்தில், கடன் இன்ன தொகைக்குக் குறையாமல் கிடைக்காவிட்டால் முன்பணம் முழுதும் திரும்பும் என்று எழுதுங்கள். முன்பணம் வழக்கமாக 10 சதவீதம். நீங்கள் பின்வாங்கினால் அது போய்விடும், விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் தர வேண்டும். இரு பக்கமும் கூர்மையான கத்தி. உங்களுக்கென்று தனி வக்கீலோ சொலிசித்தடோரோ இருக்கட்டும், ஏஜென்ட் காட்டும் ஆள் வேண்டாம். காசா பிரோந்தாவில் உட்கார்ந்திருப்பவர் பதிவு செய்வார், உங்களுக்கு ஆலோசனை சொல்வது அவர் வேலை இல்லை.

வேளச்சேரி_வாசு
ஒரு புதுச் செய்தி. உரிமம் காமராவில் இருக்கிறது, 1966 தேதி. மார்க்கீஸ் வரைபடத்தில் இல்லை. 68-ஐ வைத்துப் பேசியதில் விலை 2,78,000-க்கு இறங்கியது. ரமணி சார் சொன்னபடி கீழே இருக்கும் ரொட்டிக் கடையில் காபி குடித்தோம், நடுச்சுவர் அப்படியே இருக்கிறது. ரொட்டியும் நன்றாக இருந்தது. ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. குடியிருப்போர் சங்கக் கூட்டக் குறிப்பைக் கேட்டு வாங்கினோம். கூரையை மாற்ற ஏற்கெனவே தீர்மானம் போட்டிருக்கிறார்கள். நம் ஃபிளாட்டின் பங்கு 6,400 யூரோ, நான்கு தவணை. அந்த அம்மா வாக்களித்த தீர்மானம்தானே, அவர்தானே கட்ட வேண்டும்?

இஞ்சினியர்_ரமணி
கூரை மாற்றுவது நல்ல செய்தி. மூன்றாம் மாடிதான் மேல் மாடி என்றால் முதலில் நனைவது உங்கள் படுக்கையறை.

பழைய_பத்திரம்
கூட்டக் குறிப்பைக் கேட்டது மிக நல்ல வேலை, பாதிப் பேர் கேட்பதில்லை. ஆனால் பதில் உங்களுக்குப் பிடிக்காது. 2022-இல் வந்த 8/2022 சட்டப்படி, யார் வாக்களித்தார் என்பது கணக்கில்லை, தவணை எந்தத் தேதியில் கட்ட வேண்டியது என்பதுதான் கணக்கு. பத்திரத் தேதிக்கு முன் விழும் தவணை விற்பவருக்கு, பின் விழுவது உங்களுக்கு. விற்பவர் சங்க நிர்வாகியிடமிருந்து பாக்கி விவரச் சான்று வாங்கித் தர வேண்டும், கேட்ட 10 நாளுக்குள் நிர்வாகி கொடுத்தாக வேண்டும். அந்தச் சான்றில் தவணைத் தேதிகள் இருக்கும். இரண்டு தவணை பத்திரத்துக்குப் பின் விழுகிறது என்றால் 3,200 உங்கள் கணக்கு.

சட்டம் அப்படி, ஒப்பந்தம் வேறு மாதிரி இருக்கலாம். மிச்சத் தவணையை விலையில் கழித்துக்கொள்வது என்று சிபிசிவியில் ஒரு ஷரத்துப் போடச் சொல்லுங்கள். போர்டோவுக்குப் போகிற அவசரத்தில் இருக்கும் அம்மா 3,200-க்காக உங்களை விடமாட்டார் என்றே நினைக்கிறேன். விட்டால், பாதிப் பாதி என்று கேளுங்கள்.

வேளச்சேரி_வாசு
சான்றுக்கு இன்றே எழுதிவிட்டேன். ஷரத்தை எங்கள் வக்கீல் எழுதுகிறார். அம்மா முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை, ஒரு தவணையை மட்டும் கழிக்கிறாராம். மார்க்கீஸில் இருக்கும் வாஷிங் மெஷினையும் விட்டுவிட்டுப் போகிறேன் என்கிறார்.

மழைக்காலம்
வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாடி தூக்க வேண்டியதில்லை!